தானம் கொடுத்த சைக்கிள்

குருக்களின் கணுக்கால் எலும்பைத் தேடி வருண் தரையில் முழங்காலிட்டிருந்தான். எலும்பு கைக்குத் தட்டுப்பட்டதும் அதன்மேல் வெள்ளிநிறப் பொட்டு ஒன்றை ஒட்டினான். அடுத்தது முழங்கால். பிறகு இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு. பக்கத்தில் நிற்கும் கமரா இந்தப் பொட்டுகளை மட்டும்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது என்று ஒட்டிக்கொண்டே விளக்கினான். உடம்போடு ஒட்டிய காற்சட்டை அணிந்து வரச் சொல்லியிருந்தார்கள். விஜயரத்தினக் குருக்களிடம் அப்படி ஒன்று இருக்கவில்லை. வட லண்டன் எட்மண்டனிலிருந்து வேட்டியோடு வந்து, அதை இங்கே தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார். மேலே கறுப்புக் கம்பளிச் சட்டை. நெற்றியில் காலையில் பூசிய விபூதி இன்னும் அழியவில்லை. அறுபதை நெருங்கும் குள்ளமான மனிதர். தொப்பை இருந்தது, கால்கள் மட்டும் மெலிந்து உரமாக இருந்தன.

"கிச்சு மூட்டாதையும் தம்பி. பிறகு தெரியாமல் உதைஞ்சுபோடுவன்."

"உதைங்க சாமி, பரவால்ல. தினம் நாலு பேர்கிட்ட வாங்குறதுதான்."

லண்டனில் பெர்மொண்ட்சி என்ற இடத்தில் ரயில் பாதையைத் தாங்கி நிற்கும் பழைய செங்கல் வளைவுகளுக்குள் பியர் காய்ச்சுகிறார்கள், பாண் ரொட்டி சுடுகிறார்கள். இந்த வளைவுக்குள் சைக்கிளுக்கு ஆளைப் பொருத்துகிறார்கள். கோயம்புத்தூரில் இயன்முறை மருத்துவம் படித்துவிட்டு வந்த வருண் இதை நடத்துகிறான். நடுவில் சில்லுகள் இல்லாத சைக்கிள் போன்ற ஓர் எந்திரம் நின்றது. அதன் இருக்கையையும் கைபிடியையும் எந்தப் பக்கத்துக்கும் நகர்த்தலாம். முதலில் ஆளை அதில் இருத்தி மிதிக்கவைத்து, உடம்புக்கு ஏற்ற இடங்களைக் கண்டுபிடித்து, பிறகு அந்த அளவுகளை அவரவர் சைக்கிளுக்கு மாற்றுவான். அவர்கள் கொண்டுவந்த சைக்கிள் சுவரோரத் தாங்கியில் நின்றது. பளபளப்பில்லாத கறுப்பு; கத்தி போல் தட்டையான குழாய்கள்; படுத்தபடி ஓட்டுவதற்கு முன்னால் கொம்புகளைப் போல நீண்ட இரண்டு பிடிகள். ட்ரையத்லன் சைக்கிள். அதற்கு எதிரே தோல் இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நகுலேஸ்வரி இருந்தாள். பக்கத்தில், ஓர் ஆள் இருக்கக்கூடிய இடைவெளி விட்டு, மருமகள் ஜதுர்ஷிகா.

"இந்த மெசின் ஆற்றை தம்பி?" என்று நகுலேஸ்வரி கேட்டாள்.

"யாரோடதும் இல்லம்மா. வர்றவங்க எல்லாரும் இதுலதான் உக்காருவாங்க."

"அப்ப என்ரை பிள்ளையும் இதிலைதான் இருந்தவன்."

"ஆமாம்மா. மார்ச்ல."

அவள் எழுந்து வந்து எந்திரத்தின் இருக்கையில் உள்ளங்கையை வைத்தாள். அது வெறும் றப்பர். கையை எடுத்து முகர்ந்து பார்க்கப் போவது போல் முகத்தருகே கொண்டுபோய், அங்கே மற்றவர்கள் நிற்பது நினைவு வந்ததும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போய் இருந்தாள்.

அவளுடைய பிள்ளை ஜெரோசன் இறந்தது ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லண்டனுக்கு மேற்கே ஓர் ஏரியில். ட்ரையத்லனில் முதலில் நீந்தவேண்டும், பிறகு சைக்கிள், கடைசியில் ஓட்டம். ஜதுர்ஷிகா கரையில் கம்பி வேலியருகே போனைப் பிடித்தபடி நின்றாள், கணவன் தண்ணீரிலிருந்து ஓடிவந்து சைக்கிளை எடுப்பதைப் படம் பிடிப்பதற்காக. எல்லோருக்கும் ஒரே கறுப்பு றப்பர் உடுப்பு, ஒரே பச்சைத் தொப்பி. ஏறி வந்த ஒவ்வொருவரும் தூரத்தில் அவனாகத்தான் இருந்தார்கள். கிட்ட வந்ததும் வேறு ஆளானார்கள். சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. கடைசியில் நீண்ட கம்பியில் ஒன்று மட்டும் இருக்கையால் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவன் ஒழுங்காக அடுக்கி வைத்த துவாய், காலுறை, கண்ணாடி. படகு அவனை ஏரியின் மறுகரைக்குக் கொண்டு போயிருந்தது. இதயம் என்றார்கள். முப்பத்தாறு வயது.

முப்பத்தோராம் நாள் கிரியை அவர்களுடைய நோர்பரி வீட்டில் நடந்தது. டொரொண்டோவிலிருந்து வந்த தம்பிக்காரன் தர்ப்பை போட்டு இருந்தான். இறந்தவரின் வழிக்கு வேண்டியவை என்று குருக்களுக்குக் கொடுக்கும் பொருட்கள் முன்னறையில் அடுக்கப்பட்டிருந்தன: குடை, செருப்பு, பாய், செம்பு, வேட்டி. பின்பக்கம் சமையலைக் கவனித்துக்கொண்டிருந்த ஜதுர்ஷிகா கூப்பிட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குடைக்குப் பக்கத்தில் சைக்கிள் நின்றது. கொம்புகளில் செவ்வந்தி மாலை. "அவனுக்கு உயிர் இதிலைதானே, அதுதான் இதையும் குடுப்பம்" என்று நகுலேஸ்வரி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மருமகளைக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. வீடு நிறைந்த சனத்துக்கு முன்னால், தாய் மகனுக்குக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல ஜதுர்ஷிகாவால் முடியவில்லை. குருக்கள் அதை என்ன செய்வதென்று தெரியாமல் கைபிடியைத் தொட்டு ஏற்றுக்கொண்டார். மாலையில் யாரோ ஒருவரின் வான் வண்டியில் அது எட்மண்டனுக்குப் போயிற்று.

செப்டெம்பரில், மாதந்தோறும் வரும் திதியான மாசியத்துக்கு நாள் கேட்கக் குருக்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் போன நகுலேஸ்வரி, நடைபாதையில் சைக்கிள் சாத்தியிருப்பதையும் அதில் மற்றக் குடித்தனக்காரரின் ஜக்கெற்றுகள் தொங்குவதையும் கண்டாள். செருப்பும் அதே இடத்தில், கடைக்காரன் போட்ட கடதாசி கூடக் கழற்றாமல் இருந்தது. அது பதினோராம் நம்பர். கடையில் நின்றபோது மகனின் காலைத்தான் அவள் நினைத்தாள், அவனுடைய அளவைச் சொல்லித்தான் வாங்கினாள். குருக்களின் கால் அதற்குள் இரண்டு தரம் போகும். அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. இங்கே வாங்குகிறவருக்கு அளவாக இருந்தால்தானே அவர் போடுவார்; அவர் போட்டால்தானே அங்கே அவனுக்குக் கிடைக்கும். ஜெரோசன் கனவில் ஏன் வெறுங்காலோடு வருகிறான் என்பதற்கு அவளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாள், ஆறாம் நம்பர். பிறகு சைக்கிளைப் பற்றியே கதைத்தாள். காலையிலும் கதைத்தாள், சாப்பிடும்போதும் கதைத்தாள். ஐயா அதில் ஓடவேண்டும், ஐயாவுக்குக் கால் எட்டவில்லையென்றால் எட்டப்பண்ணவேண்டும். உடுப்புத் தைப்பதுபோல் அளவெடுத்துச் சைக்கிளைச் சரிசெய்யும் இடம் ஒன்று இருக்கிறதென்று மகனே சொல்லியிருக்கிறான். இடத்தைத் தேடி நாள் பதிந்தது ஜதுர்ஷிகா. இன்று காரை ஓட்டி வந்ததும் அவள்தான்.

வருண் கணினியைத் தயார்செய்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டான். "சாமி, எதுக்காக ஓட்டப் போறீங்க? ரேஸா, தூரமாப் போறதுக்கா, சும்மா உடம்புக்கா? அதை வச்சுத்தான் நான் செட் பண்ணணும்."

குருக்கள் நகுலேஸ்வரியைப் பார்த்தார்.

"தூரம்," என்றாள் அவள். "ஆட்டைத் திவசம் வரைக்கும் போகோணும். ஒரு வருசப் பயணம் தம்பி அது. நாலு மாசம் நடந்தே போட்டான்."

வருண் தலையசைத்துவிட்டு விசைப்பலகையில் எதையும் தட்டாமல் நின்றான்.

அவனுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். காரிலிருந்து சைக்கிளை இறக்கும்போது ஜதுர்ஷிகா வெளியே வைத்துச் சொன்னாள். சைக்கிளைக் கண்டதும் அவன் அடையாளம் கண்டுகொண்டான். "ஜெரோசன் வண்டியில்ல இது? லெஃப்ட் ஹிப் கொஞ்சம் டைட்டா இருக்கும் அவருக்கு. எப்படி இருக்காரு?" அவள் சொன்னாள். அவன் சைக்கிளைத் தரையில் வைக்காமல் சிறிது நேரம் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றான். மாமியும் குருக்களும் உள்ளே போனபிறகு அவள் ஆங்கிலத்தில் அவசரமாகக் கேட்டாள்: முடியாது என்று சொல்லிவிடமுடியுமா, இந்தச் சைக்கிளை அவருக்கு ஏற்றபடி மாற்ற முடியாதென்று? "பொய்யே சொல்ல வேணாங்க," என்றான் வருண். "அவரு ஹைட்டுக்கு இது ரொம்பப் பெருசு. உண்மையாவே சரியா செட் ஆகாது."

அவள் காரணம் சொல்லவில்லை. சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஏரியிலிருந்து திரும்பி வந்த இரவுக்கு அடுத்த நாள் அவள் கராஜுக்குள் போய்ச் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றாள். இருக்கை அவளுடைய விலா எலும்பின் கீழ்முனைக்கு வந்தது. அவன் பக்கத்தில் நிற்கும்போது அவனுடைய இடுப்பு வரும் இடம் அதுதான். கைபிடி இருக்கும் தூரம் அவன் கையின் நீளம். உடுப்புகள் தோய்த்ததும் வெறும் துணியாகிவிட்டன, படுக்கையில் பள்ளம் நிரம்பிவிட்டது. இந்த ஒன்றில்தான் அவனுடைய உயரம் குறையாமல் இருந்தது. எட்மண்டனில் யாருடைய ஜக்கெற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாலும் பரவாயில்லை, அது அதே உயரத்தில் நிற்கட்டும் என்று அவள் நினைத்திருந்தாள்.

"மிதிங்க சாமி. மெதுவா. கோயிலுக்குப் போற மாதிரி."

குருக்கள் மிதித்தார். வருண் எந்திரத்தின் திருகைச் சுழற்றி இருக்கையை இறக்கினான், இன்னும் இறக்கினான், கைபிடியைக் கிட்டே கொண்டுவந்தான். திரையில் பச்சைக் கோடுகளால் ஆன ஒரு மனிதன் மிதித்துக்கொண்டிருந்தான். தொப்பையும் விபூதியும் இல்லாத, வெறும் மூட்டுகளால் ஆன மனிதன். அது யாராகவும் இருக்கலாம். நகுலேஸ்வரி குருக்களைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு வாங்குது தம்பி. இதிலை இருந்து மந்திரம் சொல்லேலாது."

"பேசவே முடியலன்னாத்தான் ஃபாஸ்ட்டுன்னு அர்த்தம். நீங்க இப்பவே ஸ்லோ."

"அம்பது வயசிலை ஊரிலை ரலி சைக்கிளிலை பின்னுக்கு அரிசிப் பையையும் கட்டிக்கொண்டு ஓடினனான். அது நிமிர்ந்து இருக்கிற சைக்கிள். இது பாம்பு மாதிரிப் படுக்கச் சொல்லுது." அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டு மிதித்தார். நெற்றியில் வியர்வையும் விபூதியும் கலந்து புருவத்தில் இறங்கிற்று. நீரிழிவு எனும் சீனி வருத்தம் உள்ளவர்; வருண் தண்ணீர்ப் போத்தலை நீட்டியபோது இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

அளவெடுப்பது முடிந்ததும் வருண் அவரை இறக்கிவிட்டு, சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"அம்மா, உள்ளதைச் சொல்றேன். இந்த ஃபிரேம் அவருக்குப் பெருசு. எங்கிட்ட யாராவது இப்படி வந்தா, வேற சைக்கிள் வாங்குங்கன்னு சொல்லி அனுப்பிருவேன். சீட்டைத் தாங்குற இந்தத் தண்டு இருக்கு பாருங்க, இது தனியா இறக்கி ஏத்துறது இல்ல. ஃபிரேமோட சேர்ந்தது. உசரம் குறைக்கணும்னா அறுக்கத்தான் வேணும். ஜெரோசனுக்காக நாந்தான் அளந்து அறுத்தேன். இன்னொரு வாட்டி அறுத்தா இனி எந்த உசரமான ஆளுக்கும் ஆகாது. அறுத்தாலும் சாமிக்கு வசதியா இருக்காது."

"அறுத்தால் அவருக்குக் கால் எட்டுமோ?"

"எட்டும்மா. ஆனா நான் வேணாம்னுதான் சொல்வேன்."

ஜதுர்ஷிகா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதைச் செய்துவிட்டான். இனி ஒன்றும் மிச்சமில்லை, எழுந்து போகவேண்டியதுதான்.

குருக்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நகுலேஸ்வரிக்கு முன்னால் நின்றார். கிரியையில் கதைக்கும் குரலை விட்டுச் சாதாரணக் குரலில் கதைத்தார். "அம்மா, நான் ஒண்டு சொல்லுறன், குறைநினைக்காதையுங்கோ. மனம் நிறைஞ்சு குடுத்தீங்கள், நான் கைநீட்டி வாங்கினன். அதோடை பலன் போய்ச் சேர்ந்திட்டுது. நான் ஓடினால்தான் அவர் ஓடுவார் எண்டு இல்லை. எனக்கும் பயமாய்க் கிடக்கு. உந்த றோட்டிலை பஸ்ஸுக்கை அடிபட்டனெண்டால் எனக்குக் கிரியை செய்ய ஆள் தேடவேணும்."

"அப்ப ஏன் ஐயா அவன் நடக்கிறான்?"

குருக்கள் தோளில் இன்னும் ஒட்டியிருந்த பொட்டு ஒன்றை உரித்தெடுத்தார்.

"அந்தக் கறுத்த றப்பர் உடுப்போடைதான் வாறான்," என்றாள் நகுலேஸ்வரி. அவள் அழவில்லை. கடையில் பொருளின் குறையைச் சொல்லுவதுபோல் சொன்னாள். "தண்ணி ஒழுகிக்கொண்டிருக்கு. மோட்டர்வே ஓரமாய்ப் போறான், லொறியள் பக்கத்தாலை போகுது. வெறுங்கால். இப்ப செருப்பு மாத்திக் குடுத்த பிறகும் வெறுங்கால். நேற்றும் வந்தவன்."

ஜதுர்ஷிகா தலையை நிமிர்த்தினாள். கனவு என்று வீட்டில் பலமுறை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு இரவுமென்று இன்றைக்குத்தான் விளங்கியது.

"மாமி, ஒவ்வொரு நாளுமோ வாறவர்?"

"கண்ணை மூடினால் வாறான் பிள்ளை."

"உங்களைத் திரும்பிப் பாக்கிறவரோ?"

"பாக்காமல்? பாத்துப் பாத்துத்தான் போறான்."

நான்கு மாதமாக அவன் ஜதுர்ஷிகாவுக்கு ஒருநாளும் வரவில்லை. அவள் முயன்று பார்த்தாள். அவனுடைய பக்கத்தில் படுத்தாள், அவனுடைய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு படுத்தாள், டொக்டர் கொடுத்த நித்திரைக் குளிசையை வேண்டாமென்று விட்டாள். கனவில் அவள் வேலைசெய்யும் கவுன்சில் அலுவலகம் வந்தது, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த, பெயர்கூட மறந்துபோன ஒருத்தி வந்தாள். அவன் வரவில்லை. அதே வீட்டில், பக்கத்து அறையில், சுவருக்கு அந்தப் பக்கம், ஒவ்வொரு இரவும் அவன் வந்து நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். அவள் இந்தப் பக்கத்தில் விழித்துக் கிடந்திருக்கிறாள்.

அவளுக்கு இந்தச் சடங்குகளில் நம்பிக்கை இல்லை. ஆனால் மாமிக்கு நம்பிக்கை இருந்தது. குருக்கள் ஏறி மிதித்துவிட்டால் ஜெரோசனுக்குச் சைக்கிள் கிடைத்துவிடும், அவன் ஏறிப் போய்விடுவான். அவன் எவ்வளவு வேகமாக ஓட்டுவான் என்று ஜதுர்ஷிகாவுக்குத் தெரியும். நடக்கிறவன்தான் திரும்பிப் பார்ப்பான். கொம்புகளைப் பிடித்துப் படுத்துவிட்டால் அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை; வீதியோரம் நின்று கையசைத்த அவளைக்கூட. அந்த எண்ணம் எங்கிருந்து வந்ததென்று யோசிக்க அவள் இடம் கொடுக்கவில்லை.

"அறுங்கோ," என்றாள்.

வருண் அவளைப் பார்த்தான். "ஷ்யூரா?" என்று கேட்டான்.

"ஓம். மாமி கேக்கிறதைச் செய்யுங்கோ. எட்டப்பண்ணிக் குடுங்கோ."

நகுலேஸ்வரி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு அவர்கள் ஒருவரையொருவர் தொட்டது இதுதான் முதல்முறை. "உனக்குப் பெரிய மனசு பிள்ளை," என்றாள். ஜதுர்ஷிகா கையை இழுக்கவில்லை. அந்தக் கை காய்ந்து, காகிதம் போல் இருந்தது. அவளுக்கு அது பாரமாக இருந்தது.

வருண் இருக்கையைக் கழற்றி மேசையில் வைத்தான். தண்டில் அளவு பார்த்து ஒரு கோடு கீறி, கோட்டைச் சுற்றி நாடா ஒட்டினான். அறுக்கும்போது எழும் தூள் மூச்சுக்குக் கூடாது என்று எல்லோருக்கும் முகக்கவசம் கொடுத்தான். குருக்கள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். தண்டின் அடியில் ஈரத் துணியைச் சுற்றினான். தாங்கி போதாது, அசையாமல் யாராவது பிடிக்கவேண்டும் என்றான். ஜதுர்ஷிகா போய்க் கோட்டுக்குக் கீழே இரண்டு கைகளாலும் பிடித்தாள்.

ரம்பம் மெல்லிய பல்லுள்ளது. பெரிய சத்தம் இல்லை. நகத்தால் சுவரைச் சுரண்டுவது போன்ற ஒரு சத்தம். கறுப்புத் தூள் அவளுடைய விரல்களின் மேலும் ஈரத் துணியின் மேலும் விழுந்தது. வருண் அவசரப்படாமல், ஒரே சீராக இழுத்தான். ஒவ்வொரு இழுப்பும் அவளுடைய முழங்கைவரை வந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு மாமியைப் பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த அந்தக் கண்களில் முதலில் ஒரு நிம்மதி இருந்தது. கடைசி நேரத்தில் ரயிலைப் பிடித்து ஏறி இருந்த ஆளின் நிம்மதி. பிறகு அது கலைவதை அவள் கண்டாள். நகுலேஸ்வரி இருக்கையிலிருந்து எழும்பினாள். ரம்பத்தைப் பார்த்தாள், குருக்களைப் பார்த்தாள்.

"ஐயா," என்றாள். "சைக்கிள் கிடைச்சதெண்டால், அவன் பிறகு வரமாட்டானோ?"

குருக்கள் முகக்கவசத்தைக் கீழே இழுத்தார். இரண்டு பெண்களையும் மாறிமாறிப் பார்த்தார். "போகத்தானே அம்மா குடுத்தது," என்றார் மெதுவாக.

"நிப்பாட்டுங்கோ தம்பி. கொஞ்சம் நிப்பாட்டுங்கோ."

வருண் நிறுத்தினான். "அம்மா, பாதிக்கு மேல அறுத்தாச்சு. இதை இப்படியே விட முடியாது. யாரு உக்காந்தாலும் ஒடிஞ்சிரும்."

அவன் ரம்பத்திலிருந்து கையை எடுத்தான். அது விழவில்லை. வெட்டுக்குள் தானாகவே நின்றது. நகுலேஸ்வரி ஒரு கையை நீட்டியபடி நின்றாள். தடுப்பதற்கா, தொடுவதற்கா என்று அவளுக்கே தெரியாததுபோல் அந்தக் கை நடுவழியில் நின்றது. வருண் ஜதுர்ஷிகாவைப் பார்த்தான், அவள் சொல்லட்டும் என்று. அவள் தண்டை இன்னும் விடவில்லை. அறுத்த இடத்திலிருந்து சூடு கீழே பரவியிருந்தது. அவளுடைய உள்ளங்கைகளுக்குள் அது, ஓடிவிட்டு வந்த ஒருவனின் மணிக்கட்டைப் போல், சூடாக இருந்தது.